உரிக்காமல் விட்ட பவழமல்லி

என் அலுவலக மேசையின் இழுப்பறையில், குண்டூசி டப்பாவுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில், ஒரு ரப்பர் உருண்டை இருக்கிறது. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். பார்க்க அழகான பொருள் ஒன்றுமில்லை. அழுக்கு மஞ்சள், இடையிடையே பச்சையும் நீலமும், மேலே பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஏதோ. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் எங்கள் பிரிவைப் பெருக்க வரும் அம்மா, போன வாரம் என் மேசையையும் சேர்த்துத் துடைக்கிறேன் என்று ஆரம்பித்து அதைக் கையில் எடுத்துவிட்டார். "என்னா மேடம் இது, அழுக்கு உருண்டையாட்டம் இருக்குது? தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றார். "கீழ வைங்க" என்று நான் சொன்னது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்த அம்மா அதை வைத்துவிட்டு, துடைக்க வந்ததையும் துடைக்காமல் போய்விட்டார்.

அது என் அண்ணியின் உருண்டை. அண்ணி தண்ணீர் வண்ணத்தில் பூக்கள் வரைவாள். வெள்ளைப் பூ வரையும்போது, இதழ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் திரவத்தைத் தடவுவாள். கடையில் அதற்கு என்னவோ பெயர். எங்கள் வீட்டில் அதற்கு ரப்பர் பால். மூக்கை அறுக்கும் ஒரு நெடி அடிக்கும். காய்ந்ததும் மெல்லிய தோலாகிவிடும். அதற்குப் பிறகு மேலே எந்த வண்ணம் பூசினாலும் அந்த இடத்தில் காகிதத்துக்குள் இறங்காது. சுற்றிலும் கரும்பச்சை பூசிக் காயவிட்டு, விரலால் தேய்த்துத் தோலை உரித்தால், அடியில் காகிதத்தின் வெள்ளை அப்படியே பூவாக நிற்கும். உரித்த துணுக்குகளை உருட்டி உருட்டிச் சேர்த்ததுதான் இந்த உருண்டை. நேரில் நான் அண்ணியை நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் அவள் என்றே வருகிறது. திருத்த மனம் வரவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழே குடித்தனம், மாடியில் ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. பனிக்காலத்தில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த அறையை வாடகைக்கு விடுவோம். மற்ற மாதங்களில் அது அண்ணியின் ராஜ்ஜியம். அண்ணன் டவுனில் பைப் கடை வைத்திருக்கிறான். ஊரில் யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிக் களைத்துப்போன சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஏனென்றால் நான் கல்யாணமாகிப் போன கொஞ்ச காலத்திலேயே ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன்.

நான் வந்து இறங்கிய அன்று அண்ணி எதுவும் கேட்கவில்லை. காபி கொடுத்தாள். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு என்னை மாடிக்குக் கூட்டிப்போய், பலகையில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை என் மடியில் வைத்தாள். கருநீலமாக இருந்தது, நடுநடுவே வழுவழுப்பான திட்டுகள். "ஒரு வேலையும் ஓடலன்னா இதை உரிம்மா. மெதுவா. அவசரப்பட்டா பேப்பர் கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அழுதுகொண்டே உரித்தேன். திட்டு ஒவ்வொன்றும் சுருண்டு எழுந்து வர, அடியிலிருந்து முல்லைப் பூக்கள் வந்தன. கண்ணீர் மேலே விழாமல் இருக்கத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு உரித்தது நினைவிருக்கிறது. அன்றிலிருந்து உரிக்கிற வேலை என்னுடையது என்றாகிவிட்டது. நாத்தனாருக்கு இந்த வீட்டில் இருக்கிற ஒரே உரிமை அதுதான் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள்.

அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் வரைய ஆரம்பித்தது என் கல்யாணத்துக்கு முன்பு. வருடந்தோறும் பனிக்காலத்தில் வந்து தங்கும் ஒரு வெளிநாட்டு அம்மா, வயதாகி இனி வர முடியாது என்று ஆன வருடம், தன் வண்ணப் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் போனார். அண்ணி முதலில் செம்பருத்தி வரைந்தாள், கனகாம்பரம் வரைந்தாள். அதெல்லாம் சுலபம் என்பாள். சிவப்பைத் தொட்டு வைத்தால் பூ. வெள்ளைப் பூவில்தான் மாட்டிக்கொண்டாள். பெட்டியில் வெள்ளை வண்ணமே இல்லை. பென்சிலில் ஓரம் வரைந்து பார்த்தாள், அது பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் துணி உலர்த்தும்போது, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நந்தியாவட்டை பூத்திருந்ததைப் பார்த்துக் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். பூவுக்கு ஓரமென்று ஒன்று இல்லை, தொட்டியின் கறுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே பூ ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாளாம். அன்று சாயந்திரம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக என்னைத் தொட்டி முன்னால் நிறுத்திக் காட்டினாள். எனக்குப் பசி, ஒன்றும் புரியவில்லை.

பிறகு புரிந்தது. பூவை வரைவது ஒரு வழி. பூவைச் சுற்றி இருப்பதை வரைந்துவிட்டுப் பூவைச் சும்மா விட்டுவிடுவது இன்னொரு வழி. முதலில் பூவை மட்டும் விட்டுவிட்டுக் காகிதம் முழுக்க வெளிர்ப் பச்சை ஒன்றைப் பூசுவாள். காய்ந்ததும் சில இலைகளை விட்டுவிட்டு அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் அடர்த்தியாக. அது காய்ந்ததும் அதற்குப் பின்னால் இன்னும் சில இலைகளை விட்டுவிட்டு இன்னும் அடர்த்தியாக. இப்படிப் போகப் போக, முதலில் விட்டது முன்னால் வந்து நிற்கும், கடைசியில் பூசியது ஆழத்துக்குப் போய்விடும். அண்ணனுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "நெழல் எல்லாம் போட்டுட்டு பூவை வுட்டுட்டியே" என்பான், ஏதோ பைப் லைன் போட்டு முடித்துவிட்டுக் குழாய் மாட்ட மறந்தவளைக் கேட்கிற மாதிரி. "வெள்ளை தனியா எதுக்குங்க? அதான் பேப்பர்லயே இருக்குதே. நாம கெடுக்காம இருந்தா போதும்" என்று அண்ணி சொல்வாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவான். ஆனாலும் வெளியூரிலிருந்து அந்த ரப்பர் பால் பாட்டிலை வரவழைத்துக் கொடுத்தவன் அவன்தான். பொடிப் பொடியான பூக்களைச் சுற்றித் தூரிகையால் ஒதுங்கி ஒதுங்கிப் பூசி அவள் கண் எரிந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, யாரிடமோ விசாரித்து வாங்கி வந்தான்.

பாலைத் தடவத் தூரிகை வேண்டாம், மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும் என்று அவள் விளக்குமாற்று ஈர்க்குச்சியை முனை நசுக்கி வைத்திருந்தாள். காலையில் தடவினால் மதியத்துக்குள் வண்ணம் பூசிவிடுவாள். சாயந்திரம் நான் வேங்கிக்காலில் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேரும்போது காகிதம் காய்ந்து தயாராக இருக்கும். புறங்கையை வைத்துப் பார்ப்பேன், குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை. பிறகு உருண்டையை எடுத்து ஓரத்தில் வைத்து உருட்டினால் அது துணுக்குகளைத் தானே பிடித்து இழுத்துக்கொள்ளும். அன்று முழுக்க ஆபீஸில் யார் யாரோ என்னிடம் எரிந்து விழுந்திருப்பார்கள், நானும் விழுந்திருப்பேன். முதல் இதழ் வெள்ளையாக எழும்பியதும் அதெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அந்த வருடங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது டீ ஆறிப்போகிறது என்று அண்ணி கத்துவது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு நந்தியாவட்டையை உரிக்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டோம். நல்ல சித்திரை வெயில். மாடி அறை மொட்டைத் தளத்துக்கு நேர் கீழே இருப்பதால் அடுப்பு மாதிரி காயும். திருவிழா முடிந்து திரும்பி வந்து உரித்தபோது, ரப்பரோடு சேர்ந்து காகிதத்தின் மேல் தோலும் கிழிந்து வந்துவிட்டது. இதழ் இருந்த இடம் பிய்ந்த பஞ்சு மாதிரி இருந்தது. அண்ணி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடி வெச்சா பத்திரம்னு நெனைக்கறோம். ரொம்ப நாள் மூடி வெச்சா மூடினதே புடிச்சிக்குது" என்றாள். அதற்குப் பிறகு ரப்பர் பால் தடவிய காகிதத்தை ஓர் இரவு தாண்ட விட்டதில்லை.

அது ஐப்பசி, பௌர்ணமி நாள். ராத்திரி பெய்த மழையில் எங்கள் வாசல் பவழமல்லி அத்தனையும் உதிர்ந்து ஈரமண்ணில் கிடந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணி மாடியேறிவிட்டாள். அண்ணன் அதற்கு முன்பே கடைக்குக் கிளம்பியிருந்தான்; கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்குமேல் சாலையை மறித்துவிடுவார்கள், சரக்கு இறக்கவேண்டும் என்று. நான் சாப்பாட்டுப் பையோடு படியடியில் நின்று போய்வருகிறேன் என்று குரல் கொடுத்தேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு கையில் ஈர்க்குச்சி, கன்னத்தில் ரப்பர் பால் ஒரு சொட்டு. "பவழமல்லி போட்டிருக்கேன். மதியத்துக்குள்ள கலர் பூசிடுவேன், காஞ்சிடும். சாயந்திரம் வந்து உரிச்சிடு. காம்பு நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அண்ணி சமையலறையில் விழுந்துவிட்டாள், அண்ணனுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் ஆட்டோ பிடித்துப் பாதி வழி வருவதற்குள் எல்லாம் முடிந்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று இன்னொரு போன். செங்கம் சாலையில் ஆட்டோவை விடவில்லை. இறங்கி நடந்தேன். அதற்குள்ளாகவே கிரிவலக்காரர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போக, நான் அழுதுகொண்டே அவர்களோடு போனேன். ஒரு பெண், தன்னைப் போலவே நானும் வேண்டுதலோடு வந்தவள் என்று நினைத்தாள் போலிருக்கிறது, என் கையைப் பிடித்து, எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்றாள். கையை உதறிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண்ணிடம் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை.

நெஞ்சு என்றார்கள். காலையில் வலித்திருக்கும், வாயு என்று விட்டிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். வலியோடுதான் மாடியேறி உட்கார்ந்து அத்தனை பூவையும் போட்டாளா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு நான் மாடிக்குப் போனேன். அண்ணன் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தான். மேசையில் பலகை, அதன்மேல் கரும்பழுப்பும் கரும்பச்சையுமாக ஈரமண் நிறத்தில் காய்ந்த காகிதம், அதில் சிதறிக் கிடக்கும் ரப்பர் திட்டுகள். கண்ணாடித் தம்ளரில் கலங்கிய தண்ணீர். பீங்கான் தட்டில் ஓரமாக, காம்புக்கென்று அவள் கலந்து வைத்திருந்த பவழ நிறம். அண்ணன் எதையும் தொடவில்லை. என்னை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினான். கடையிலிருந்து கொண்டுவந்த புதுப் பூட்டு ஒன்றைப் போட்டான்.

கருமாதி முடியும்வரை பொறுத்தேன். சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு சொன்னேன். அந்த ரப்பரை உரித்துவிட வேண்டும், விட்டால் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும், அண்ணி போட்ட பூ போய்விடும் என்று விளக்கிச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "அவ வெச்சது வெச்ச மாதிரியே இருக்கட்டும் பாப்பா. வருஷம் திரும்பட்டும். அதுக்கு அப்புறம் என்னா வேணா பண்ணு" என்றான். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, நல்லது எதுவும் எடுத்துச் செய்ய மாட்டார்கள். அவன் அதை அந்த அறைக்கும் சேர்த்துவிட்டான். ரப்பருக்கு வருடக் கணக்குத் தெரியாது என்று நான் எப்படிப் புரியவைப்பேன்.

தை மாதம், அறையை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். அண்ணன் இல்லையென்று அனுப்பிவிட்டான். அன்று மறுபடி பேச்சை எடுத்தேன். இந்தத் தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது. பிடிவாதம் பிடிக்கிறாய், நீ பத்திரப்படுத்துகிறேன் என்று கெடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன். அது அண்ணி என்னிடம் சொல்லிவிட்டுப் போன கடைசி வேலை, அதையாவது செய்யவிடு என்று கத்தினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எங்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லல பாப்பா. உனக்காவது ஒரு வேலை சொல்லிட்டுப் போனா."



அறைச் சாவி அவன் வண்டிச் சாவியோடு கோத்திருக்கும். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கப் போனபோது சாவிக்கொத்து சாமி அலமாரியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். உரித்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். கதவைத் திறந்தால், நான் நினைத்த தூசியும் ஒட்டடையும் இல்லை. தரை பெருக்கியிருந்தது. பலகையின்மேல் அண்ணியின் பழைய சேலைத் துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. தம்ளரில் தண்ணீர் வற்றி அடியில் வண்ணம் வளையமாகப் படிந்திருந்தது. அதைச் சுற்றி மேசையைத் துடைத்திருந்தவன் தம்ளரை மட்டும் நகர்த்தவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலி. அதன் முதுகில் அண்ணனின் துண்டு, காலடியில் அன்று காலை குடித்த டீ தம்ளர். தினமும் கடைக்குப் போகுமுன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். கீழே இருந்த எனக்கு இத்தனை மாதமும் தெரியவில்லை.

சேலைத் துண்டை விலக்கி, ஓரத்தில் கிடந்த ஒரு பூவின்மேல் விரலை வைத்துத் தேய்த்தேன். ரப்பர் அசைந்து, ஒரு பக்கம் லேசாக எழும்பியது. இன்னும் வரும். இன்றே உரித்தால் முக்கால்வாசிப் பூக்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. அவனுக்கு அது, அவள் இப்போதுதான் எழுந்து போன மேசை. உரித்துவிட்டால் வேலை முடிந்துவிடும், அவள் திரும்பி வந்து உட்கார ஒரு காரணமும் இருக்காது. துண்டைப் போர்த்திவிட்டு, பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சாவி என் கைக்குக் கிடைத்தால் அதையேதான் செய்வேன். அதற்காக அந்தக் கத்திரி வெயிலில் நான் நிம்மதியாக இருந்தேன் என்று அர்த்தமில்லை. ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மாடி அறை கொதிப்பதையும் ரப்பர் உருகிக் காகிதத்துக்குள் இறங்குவதையும் நினைத்துக்கொண்டே கோப்பு பார்த்தேன்.

வருஷத் தெவசமும் ஐப்பசிப் பௌர்ணமியில்தான் வந்தது. ஐயர் வந்து போனார். காக்கைக்குச் சோறு வைத்தோம். வெளியே கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அண்ணன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினான். "அவ உங்கிட்ட சொன்ன வேலை. போய்ப் பண்ணு" என்றான். நீயும் வா என்று கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலைத் திறந்தோம். உருண்டை, தட்டுக்குப் பக்கத்தில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

எனக்குத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. ரப்பர் பழுத்துப்போய், கருமஞ்சளாகி, பிசுபிசுவென்று காகிதத்தோடு ஒன்றாகியிருந்தது. நடுவிலிருந்த ஒரு பூவை நகம் படாமல் மெதுவாகத் தேய்த்தேன். எழும்பியது, அடியில் காகிதத்தின் தோலையும் பிய்த்துக்கொண்டு. அண்ணன் குனிந்து பார்த்தான். "என்னா ஆச்சு?" என்றான். ஒட்டிக்கொண்டுவிட்டது என்றேன்.  நீ அப்போதே சொன்னாய் என்று மட்டும் முணுமுணுத்தான். விட்டுவிடலாமா என்று கேட்டேன். "வேணாம். எடு. இவ்ளோ நாள் வுட்டதே ஜாஸ்தி" என்றான்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதிக்குமேல் அவனே விரலை வைத்தான். கடையில் இரும்புக் குழாய்க்கு மரை போடும் விரல், ஆனால் பூவைத் தொடத் தெரிந்திருந்தது. என்ன செய்து என்ன, எல்லாம் கிழிந்துதான் வந்தன. கிழிந்த துணுக்குகளை உருண்டையில் ஒட்டிக்கொண்டே போனேன். கடைசியாக ஓரத்தில் கிடந்த அந்த ஒரு பூ. பங்குனியில் நான் அசைத்துவிட்டு வந்தது. அது மட்டும் காகிதத்தைக் காயப்படுத்தாமல் சுருண்டு எழுந்து வந்தது. அடியில் வெள்ளை. அவள் விட்டு வைத்த வெள்ளை, ஒரு வருடம் இருட்டில் இருந்துவிட்டு, அன்று போட்டது மாதிரி இருந்தது. அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நானும்தான்.

தட்டில் என்ன நிறம் என்று கேட்டான். காம்புக்கு என்றேன். காய்ந்து ஓடாக வெடித்திருந்தது. என் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, அவள் தூரிகையால் தொட்டேன். வண்ணம் விழித்துக்கொண்டது. வருடம் கழிந்தும் கொஞ்சமும் மங்காமல், அவள் கலந்த அதே பவழம். தூரிகையை அண்ணன் கையில் கொடுத்தேன். அந்த ஒற்றைப் பூ கவிழ்ந்து கிடந்தது, காம்பு மேலே தெரியும் விதமாக. அவன் ஒரு சின்னக் கோடு வைத்தான். சரியாக நின்றது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். அந்த உற்சாகத்தில் அவன் பக்கத்திலிருந்த கிழிந்த பூவுக்கும் காம்பு வைத்தான். நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டான். காகிதத்தின் தோல் போன இடத்தில் வண்ணம் நிற்காது. பவழ நிறம் பஞ்சில் ஊறுவதுபோல் பரவி, இதழ் முழுக்கச் சிவந்து, வெளியேயும் வழிந்தது. அவன் தூரிகையைக் கீழே வைத்தான். அண்ணி போன அன்றும் அழாதவன், கருமாதியிலும் அழாதவன், அந்த மேசையின்மேல் தலையை வைத்து அழுதான். கீழே சாலையில் ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். நான் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குப் பூட்டு இல்லை. தம்ளரை அவனே கழுவினான். இந்தப் பனிக்காலத்தில் மறுபடி வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறோம். படத்தைச் சட்டம் போட்டு அங்கேயே மாட்டியிருக்கிறான். பிய்ந்த பூக்களோடு, பரவிய சிவப்போடு, ஓரத்தில் அந்த ஒன்றோடு. தங்க வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஏதோ புதுவிதம் என்று சிலர் பாராட்டவும் செய்கிறார்கள். பவழ நிறத் தட்டை மட்டும் கழுவவில்லை, சமையலறை அலமாரியில் இருக்கிறது. காய்ந்து கெட்டுவிடாதா என்று ஒருநாள் கேட்டேன். "காஞ்சா என்னா? தண்ணி பட்டா வந்துடுது இல்ல" என்றான். உருண்டையை மட்டும் வீட்டில் வைக்க வேண்டாம் என்றான், அதனால் அது ஆபீஸுக்கு வந்தது.

பெருக்க வருகிற அம்மா போன பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருப்பவையெல்லாம் அண்ணி போட்டு நான் சாயந்திரங்களில் உரித்தவை, கிழியாமல் வந்தவை. மேலே வெள்ளையாக ஒட்டியிருப்பது நானும் அண்ணனும் பிய்த்த காகிதம். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று நகத்தால் கீறினேன். வரவில்லை. இப்போது எது எங்களுடையது, எது அவளுடையது என்று பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுபடி இழுப்பறையில் வைத்து மூடினேன். ஆபீஸ் விட்டது. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, கால் தானாக அவசரப்படுகிறது. காகிதம் காய்ந்திருக்கும், டீ ஆறிவிடும், அண்ணி கத்துவாள். வீட்டில் உரிக்க ஒன்றும் இல்லை என்பது பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.